ருவாண்டாவை வகுப்பில் எப்படிச் சொல்வது?

கேள்வி: பத்தாம் வகுப்பில், ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் 1994இல் நடந்த இனப்படுகொலை பற்றிப் பேசப்போகிறேன். எங்கோ நடந்ததை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி என்ன பயன் என்கிறார்கள் உடன் வேலை பார்ப்பவர்கள். பிணக்குவியல் படங்களைக் காட்டினால்தான் மனதில் பதியும் என்கிறார் ஒருவர். காட்டலாமா?
- சமூக அறிவியல் ஆசிரியை ஒருவர்

பதில்: காட்டவே காட்டாதீர்கள். அந்தப் படத்தைக் கண்ட பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும், இல்லாவிட்டால் பக்கத்துப் பையனை இடித்துச் சிரிக்கும். இரண்டுமே பயம்தான். அப்புறம் நீங்கள் சொல்வது எதுவும் காதில் ஏறாது. இறந்தவர்களும் யாருக்கோ அம்மா, அண்ணன். அவர்களை அந்தக் கோலத்தில் காட்ட நமக்கு என்ன உரிமை?

ஓர் அடையாள அட்டையிலிருந்து தொடங்குங்கள். இனத்தை அட்டையில் எழுதும் வழக்கம் 1930களில் பெல்ஜிய ஆட்சி கொண்டுவந்தது. 1994இல் புழக்கத்தில் இருந்த அட்டையில் ஹூட்டு, டுட்சி, ட்வா என்று அந்நாட்டு இனங்களின் பெயர்கள் வரிசையாக அச்சாகியிருக்கும். பொருந்தாததைப் பேனாவால் அடித்துவிடுவார்கள். அந்த ஏப்ரலில் சாலைத் தடுப்புகளில் கத்தியோடு நின்ற ஹூட்டு வெறியர்கள் அடிபடாமல் மிஞ்சிய பெயரைப் பார்த்துத்தான் டுட்சிகளைப் பிரித்துக் கொன்றார்கள். சுமார் 100 நாளில் 8 லட்சம் பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 10 லட்சத்துக்கு மேல் என்கிறது ருவாண்டா அரசு. எண்ணிக்கையை ஒருமுறை சொன்னால் போதும், கரும்பலகையில் அட்டையை வரையுங்கள்.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 'பழங்காலத்துக் குலப்பகை' என்று ஒரே வரியில் முடித்துவிடுவது. ஹூட்டுகளும் டுட்சிகளும் பேசியது ஒரே கின்யருவாண்டா மொழி. ஒரே குன்றில் குடியிருந்து ஒரே தேவாலயத்துக்குப் போனவர்கள். 1993 ஜூலையில் தொடங்கிய ஆர்.டி.எல்.எம். என்ற ஹூட்டு வெறியர்களின் வானொலி டுட்சிகளைக் 'கரப்பான்பூச்சி' என்று சொல்லிச் சொல்லியே பழக்கியது. உங்கள் சக ஆசிரியர்களுக்கான பதிலும் இங்கேதான் இருக்கிறது: அட்டை, வசைச்சொல், பெயர்ப் பட்டியல், சாலைத் தடுப்பு என்று படிப்படியாக வந்ததைப் படித்த பிள்ளைக்கு, இன்னொரு ஊரில் முதல் படி வைக்கப்படும்போதே அது கண்ணில் படும்.

இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள். முதலாவதில் அட்டையும் வானொலியும். இரண்டாவதில் கொன்றவர்கள், பார்த்துக்கொண்டு நின்றவர்கள், உயிரைப் பணயம் வைத்து அண்டை வீட்டாரை ஒளித்துவைத்தவர்கள். 'நீ ஹூட்டு, நீ டுட்சி' என்று பிரித்து நடிக்கவைக்காதீர்கள். விளையாட்டாகப் போய்விடும், அல்லது ஏற்கெனவே ஒதுக்கப்படுகிற பிள்ளையை அது குத்தும். மணி அடிக்கும்வரை பேசாமல் கடைசிப் பத்து நிமிடத்தை விட்டுவையுங்கள்; வாய்விட்டுக் கேட்கத் தயங்குகிறவர்கள் பெயர் போடாமல் துண்டுச்சீட்டில் எழுதித் தரட்டும்.

இன்றைய ருவாண்டா அட்டையில் இனம் என்ற வரியே இல்லை. ஏன் எடுத்தார்கள் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள்.