பேய்ப் படம், ராட்சச மிருகப் படம், பழைய மாயாஜாலப் படம்: கிராஃபிக்ஸ் இவ்வளவு வளர்ந்த பிறகும் இவை உங்களுக்கு ஏன் பிடிக்கின்றன? எவற்றைப் பார்க்கச் சொல்வீர்கள்?

கேள்விக்குக் கீழே நீங்கள் இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: "வேஷம் என்று அப்பட்டமாகத் தெரியும்போது எப்படிப் பயம் வரும்?" அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் சேலம் குகைப் பகுதியில் வளர்ந்தவன். ஆடி மாதம் எங்கள் மாரியம்மன் காளியம்மன் கோயில் திருவிழாவில் வண்டி வேடிக்கை நடக்கும். வண்டிகளை ஜோடித்து, அதன் மேல் சாமி வேஷமும் அசுர வேஷமும் போட்டவர்கள் ஊர்வலமாக வருவார்கள். நூறு வருஷத்துக்கும் மேலான வழக்கம் அது. என் தாய்மாமா தறி நெய்கிறவர். வருஷா வருஷம் அவர்தான் மகிஷாசுரன். மதியமே எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். முகம் முழுக்கத் தேங்காய் எண்ணெய், அதன் மேல் நீலச் சாயம். கொம்பு அட்டையில் செய்தது, மேலே கறுப்புத் துணி ஒட்டியிருக்கும். கோரைப்பல் இரண்டையும் ஒரு கம்பியில் கோத்து, அந்தக் கம்பியைக் கடித்துப் பிடித்துக்கொள்வார். கடித்துவிட்டால் அப்புறம் பேச முடியாது. அதனால் பல்லை மாட்டுவதற்கு முன் ஒரு டீ.

எனக்கு ஆறு வயது இருக்கும்போது அந்த டீயைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். உதட்டுச் சாயம் அழியாமல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டு, "சூடு பத்தலடா" என்றார். அரை மணி நேரம் கழித்து வண்டி எங்கள் தெருமுனையில் திரும்பியது. டியூப் லைட் வெளிச்சத்தில் அதே முகம் மெதுவாக என் பக்கம் திரும்பிப் பார்த்தது. நான் அம்மாவின் முந்தானைக்குள் போய்விட்டேன். டீ கொடுத்த கை என் கைதான், கொம்பு எதில் செய்தது என்பதும் தெரியும். பயம் இதையெல்லாம் கேட்டுக்கொள்ளவில்லை.

மாமா அந்த வண்டியில் நிற்கும்போது யாரையும் பார்த்துச் சிரிக்க மாட்டார், தெரிந்தவர்களுக்குத் தலையாட்ட மாட்டார். வேஷம் போட்டவர் அதை முழுதாக நம்பிவிட்டால் பார்க்கிறவருக்கு வேறு வழியே இல்லை. இன்றுவரை ஒரு பேய்ப் படத்தையோ பூதப் படத்தையோ நான் எடை போடுவது இதை வைத்துத்தான். எடுத்தவர்கள் தங்கள் பேயை நம்பினார்களா?

அந்தக் கணக்கில் எனக்கு முதலிடம் 'மாயா பஜார்' (1957). கடோத்கஜனாக வரும் ரங்காராவ் கல்யாணச் சாப்பாட்டின் முன் உட்கார்ந்து, லட்டுகள் தாமாக எழுந்து அவர் வாய்க்குள் போகும் காட்சியை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. மார்கஸ் பார்ட்லியின் கேமரா தந்திரத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் பார்ப்பது ரங்காராவின் கண்ணை. ஒவ்வொரு லட்டும் வரும்போது அவர் கண் அதோடு கூடவே வரும், ருசி அறிந்தவனின் கண். திருச்சி லோகநாதன் குரலும் அந்தச் சிரிப்பும் சேரும்போது, அவர் உருவம் பெரிதாவதில் ஆச்சரியமே இல்லை என்று தோன்றிவிடும். 1951இல் வந்த 'பாதாள பைரவி'யில் இதே மனிதர்தான் அந்த மந்திரவாதி. மந்திரவாதிக்கும் ராட்சசனுக்கும் இவர் அளவுக்கு மரியாதை கொடுத்த நடிகர் நம் பக்கத்தில் இன்னொருவர் இல்லை என்பது என் கட்சி.

மாயாஜாலப் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் விட்டலாச்சார்யாவின் படங்களைச் சிரிப்பாகப் பேசுகிறவர்கள் அதிகம். 'ஜகன்மோகினி'யில் (1978) பேய் தன் காலையே அடுப்பில் விறகாக வைத்துச் சமைக்கும். தந்திரம் என்னவோ எளிமையானதுதான். ஆனால் அந்தப் பெண் அலறவில்லை, முடியை விரித்து ஆடவில்லை. வீட்டு வேலை செய்கிற மருமகளின் நிதானத்தோடு அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்த நிதானம்தான் வயிற்றைப் பிசைகிறது. படம் பார்த்த இரவு நான் எங்கள் சமையலறைப் பக்கமே போகவில்லை.

'மை டியர் குட்டிச்சாத்தான்' (1984) இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம். வாசலில் கண்ணாடி கொடுத்து, வெளியே வரும்போது திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பக்கத்து சீட்டில் இருந்த என் அக்கா திரையில் இருந்து நீண்ட ஐஸ்கிரீமைப் பிடிக்கக் கை நீட்டியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதில் குழந்தைகள் சுவரிலும் கூரையிலும் நடந்து பாடும் பாட்டு ஒன்று உண்டு. அறையையே செட் போட்டு, கேமராவோடு சேர்த்துச் சுற்றவிட்டு எடுத்தார்கள் என்று பெரியவனான பிறகுதான் படித்தேன். தெரிந்த பிறகு ஆச்சரியம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஒரு வீட்டையே உருட்டியிருக்கிறார்களே!

சரி, சேலத்துக்காரன் மாடர்ன் தியேட்டர்ஸைச் சொல்லாமல் போகக் கூடாது. ஏற்காடு சாலையில் இன்று அதன் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது. 1935இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய நிறுவனம், நூற்றுக்கு மேல் படங்கள். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) அவர்களுடையது என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, நான்கு வருஷம் முன்பே அவர்கள் ஒரு ராட்சச மிருகப் படத்தில் கை வைத்திருந்தார்கள் என்பது. அமெரிக்காவின் லிப்பர்ட் நிறுவனத்தோடு சேர்ந்து எடுத்த 'தி ஜங்கிள்' (1952), தமிழில் 'காடு'. இயக்கியவர் வில்லியம் பெர்க். ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் நடித்தார்கள். காட்டு யானைகள் வெறிபிடித்து ஊர்களுக்குள் ஓடி வருகின்றன. எதைக் கண்டு பயந்து ஓடுகின்றன என்று தேடிப் போனால், மலைக்குள் கம்பளி யானைகள், உலகத்தில் அற்றுப்போன மாமூத்கள்.

அந்த மாமூத் எப்படி வந்தது? நிஜ யானைக்கு உரோமப் போர்வை போர்த்தினார்கள், அவ்வளவுதான். படம் முழுக்க நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். நடை மெதுவானது, பேச்சு அதிகம், மாமூத் வர ரொம்ப நேரம் ஆகிறது. ஆனால் அது வரும்போது புல் நசுங்குகிறது. கால் வைக்கிற இடத்தில் மண் அமுங்குகிறது. பல டன் எடையுள்ள உயிர் ஒன்று கேமராவுக்கு முன்னால் நிஜமாக மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிறது. இன்றைய படங்களில் ஐம்பது மாடி உயர மிருகம் கட்டடத்தின் மேல் விழுகிறது, எனக்கு ஒன்றும் ஆவதில்லை. அந்த உரோமப் போர்வை யானை திரும்பும்போது நிமிர்ந்து உட்கார்கிறேன்.

இதற்காக கிராஃபிக்ஸ் வேண்டாம் என்று சொல்கிறவன் இல்லை நான். 'ஜுராசிக் பார்க்' (1993) படத்தில் டைனோசர்கள் திரையில் தெரிகிற நேரத்தைக் கூட்டினால் ஏறக்குறைய 15 நிமிடம்தான். மீதி நேரமெல்லாம் டம்ளர் தண்ணீரில் வளையம் வளையமாக அதிர்வது, வேலி கம்பி அறுந்து தொங்குவது, இப்படித்தான். அந்தத் தண்ணீர் வளையத்துக்கு அடியில் ஒரு கிடார் தந்தியைக் கட்டி மீட்டினார்களாம். மழைக் காட்சியில் பெரிய இயந்திர டைனோசரின் ரப்பர்த் தோல் தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போய் நடுங்க ஆரம்பித்து, ஆட்கள் துண்டு வைத்துத் துடைத்துக் காயவைத்திருக்கிறார்கள். கணினி செய்ததும் கை செய்ததும் சேர்ந்துதான் அந்த மிருகத்துக்கு உயிர் வந்தது.

1933இன் 'கிங் காங்' இன்னும் ஒரு படி மேல். ஒன்றரை அடிப் பொம்மைக்கு முயல் தோல் போர்த்தி, ஒவ்வொரு சட்டகத்துக்கும் விரலால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்தது. விரல் பட்ட இடத்தில் எல்லாம் முடி கலைந்திருக்கும். படத்தை ஓட்டும்போது அந்த முடி சிலிர்த்துக்கொண்டே இருக்கும். குறை என்று சொல்வார்கள், எனக்கு அதுதான் உயிர். ஜப்பானின் 'காட்ஸில்லா'வில் (1954) ஹருவோ நகஜிமா கிட்டத்தட்ட 100 கிலோ கனமுள்ள உடைக்குள் நின்று நடந்தார். அதன் உறுமல், தளர்த்திவிட்ட டபுள் பாஸ் (வயலின் மாதிரியான பெரிய வாத்தியம்) தந்தியைத் தோல் கையுறையால் தேய்த்து எடுத்த சத்தம். என் மாமா கம்பியைக் கடித்துக்கொண்டு நின்றதும் நகஜிமா உடைக்குள் வெந்ததும் எனக்கு ஒரே வேலையாகத்தான் தெரிகிறது.

ஒரு நிஜ ராட்சசனை நான் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷம் முன்பு ஏற்காட்டில் ஒரு கல்யாண வேலை முடிந்து இரவு பைக்கில் இறங்கிக்கொண்டிருந்தேன். மொத்தம் 20 ஊசி வளைவுகள். மேல் வளைவுகளில் மூடுபனி இறங்கி, ஹெட்லைட் வெளிச்சம் பால் மாதிரி முன்னாலேயே நின்றது. ஒரு வளைவில் திரும்பினால் சாலையில் நாலு வெள்ளைக் கால். கால் மட்டும். மேலே உடம்பு இல்லை. வண்டியை நிறுத்திவிட்டேன். எஞ்சின் சத்தத்துக்கு மேல் ஒரு மூச்சு கேட்டது. அப்புறம் பனி கொஞ்சம் விலகியபோதுதான் அந்தக் கால்களுக்கு மேலே இருட்டே திரண்டு நின்ற மாதிரி ஒரு உடம்பு, தோள் திமில், கொம்பு. காட்டெருமை. அதற்கு முழங்காலுக்குக் கீழே வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும், தெரியும்தானே. அது என்னைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சில்வர் ஓக் மரங்களுக்குள் இறங்கிப் போய்விட்டது. காபிச் செடிகள் ஒடிகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. ஒரு ராட்சச மிருகத்தை எப்படி அறிமுகப்படுத்த வேண்டும் என்று அந்த மலை எனக்குக் காட்டியது: முதலில் கால், அப்புறம் மூச்சு, கடைசியில்தான் உடம்பு.

இதனால்தான் பத்துப் பதினைந்து வருஷமாக வந்துகொண்டிருக்கும் பேய் நகைச்சுவைப் படங்களோடு எனக்கு ஒட்டவில்லை. 'காஞ்சனா'வில் (2011) சரத்குமார் வரும் பகுதி வேறு ரகம், அதில் நிஜமான வலி இருக்கிறது. அதன் பின்னால் வரிசை கட்டியவற்றில் பேய் வந்ததும் நாலு பேரை அறைகிறது, அவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுகிறார்கள், தியேட்டர் சிரிக்கிறது. பேய்க்கே அது பேய் என்ற நினைப்பு இருப்பதில்லை. 'ஈரம்' (2009) பாருங்கள். அறிவழகன் அதில் தண்ணீரைத் தவிர எதையும் பெரிதாகக் காட்டவில்லை. சொட்டு விழுகிறது, கதவுக்கு அடியில் ஈரம் பரவுகிறது. எல்லோர் வீட்டிலும் இருக்கிற குழாயைக் கண்டு பயப்பட வைத்த படம். அதற்குப் பிறகு அந்தப் பொறுமை தமிழில் அபூர்வமாகத்தான் வருகிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

எங்கே தொடங்குவது என்றால்: வீட்டில் குழந்தைகள் இருந்தால் 'மாயா பஜார்', தனியாகப் பார்ப்பதானால் 'ஈரம்', விளக்கை அணைத்துவிட்டு. 'காட்ஸில்லா'வை ஜப்பானிய மூலத்திலேயே பாருங்கள், அது துக்கப் படம் என்பது அப்போதுதான் தெரியும்.

போன விடுமுறைக்கு அக்கா பையன் வந்திருந்தான், ஏழு வயது. அந்தக் கம்பளி யானைப் படத்தின் ஆங்கிலப் பிரதியை அவனுக்குப் போட்டுக் காட்டினேன். மாமூத் வந்ததும் இரண்டு நிமிடம் உற்றுப் பார்த்தான். "மாமா, அது யானைக்குப் போர்வை போத்தி விட்டிருக்காங்க. பாவம், புழுங்குமில்ல?" என்றான். ஆமாம்டா என்றேன். யானை தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு கேமராவைப் பார்த்துத் திரும்பியது. அவன் தன் போர்வையை மெதுவாக இழுத்துக் கண் வரைக்கும் மூடிக்கொண்டு, கண்ணை மட்டும் திறந்து வைத்திருந்தான்.