எந்தத் தோள் இடிக்கிறது?

கேள்வி: கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கம் தோட்டத்து வீடு. எனக்கு மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் 12 மில்லிமீட்டர் கட்டி, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் அதிகம். அதைக் குறைக்கும் கேபர்கோலின் மாத்திரை சாப்பிட்ட பிறகுதான் கரு தங்கியது. டாக்டர் சொன்னபடி உடனே நிறுத்திவிட்டேன். இப்போது ஐந்தாம் மாதம். கட்டி விஷயம் அத்தைக்குத் தெரியாது. அம்மா பயந்துவிடுவார் என்கிறார் கணவர். கோவைக்குப் போக என்ன காரணம் சொல்வது என்று தெரியாமல் அந்த டாக்டரை மூன்று மாதமாகப் பார்க்கவில்லை. சாப்பிட்ட மாத்திரை குழந்தையைப் பாதிக்குமா? அடிக்கடி வாசல் நிலையில் தோளை வேறு இடித்துக்கொள்கிறேன். கவனமில்லை என்று அத்தை வைகிறார்.

பதில்: மாத்திரை கிடக்கட்டும், அம்மணி. கரு உறுதியானதும் நிறுத்திய கேபர்கோலினால் குழந்தைக்குக் குறை கூடியதாகத் தெரியவில்லை. நிலையில் இடிப்பதைக் கடைசி வரியில் போட்டிருக்கிறாயே, எந்தத் தோள்? இரண்டுமா? கட்டுத்தரையில் பக்கத்தில் வரும் மாடு திடீரென முளைத்ததுபோல் இருக்கிறதா?

கண் நரம்புகள் குறுக்கே கடக்கும் இடம் பிட்யூட்டரிக்கு நேர் மேலே இருக்கிறது. கர்ப்பத்தில் அந்தச் சுரப்பி தானாகவே பெருக்கும். 10 மில்லிமீட்டரைத் தாண்டிய கட்டியும் வளர்ந்து மேலே அழுத்தினால் இரு பக்க ஓரப் பார்வைதான் முதலில் மங்கும். நேர்ப் பார்வை அப்படியே இருப்பதால் ஊசியில் நூல்கூடக் கோப்பாய், நிலைதான் தெரியாது. உன் கட்டி அப்படித்தான் செய்கிறது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சொல்ல முடியாது. கண் டாக்டரின் பக்கப் பார்வைச் சோதனை சொல்லும், தேவையென்றால் சாயமில்லாத எம்.ஆர்.ஐ. சொல்லும். புரோலாக்டின் ரத்தப் பரிசோதனைக்குக் காசைக் கொட்டாதே. கர்ப்பத்தில் அது எல்லோருக்கும் ஏறும். கட்டி பெருத்திருந்தால் பெரும்பாலும் அதே மாத்திரையைத் திரும்பத் தொடங்குவார்கள்.

அம்மா பயப்படுவார் என்று வாயைக் கட்டிப்போட்ட உன் கணவர்மேல்தான் எனக்குக் கோபம். பேரப்பிள்ளைக்குக் காத்திருக்கிற வீட்டுக்கு, அதைச் சுமப்பவளின் கண் தெரிய வேண்டாமா? உண்மை தெரிந்திருந்தால் வைகிற அதே அத்தை உன் கையைப் பிடித்து வாசல் தாண்ட வைத்திருப்பார். இது புற்றுநோய் அல்ல என்று அவருக்குச் சொல்ல எத்தனை நிமிடம் ஆகும்? நீயும்தான், மூன்று மாதம் ஒரு காரணம் தேடினாயாம்!

நாளைக் காலை முதல் பஸ்ஸில் கிளம்பு. இடையில் மண்டையைப் பிளக்கிற தலைவலியோ பார்வை மங்கலோ வந்தால் அந்த நேரமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. கிளம்பும் முன் உன் கணவரே அவர் அம்மாவிடம் சொல்லட்டும். அவர் தயங்கினால் நீயே சொல்லி அத்தையையே துணைக்கு அழைத்துப் போ.