ஊர் வீட்டுக்குப் பெட்ரோல், கேஸ் இரண்டிலும் ஓடும் ஜெனரேட்டர் வாங்கலாமா?

கேள்வி: "சிங்கப்பூரில், ஈசூனில் நாலறை அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். அப்பா அம்மா தமிழ்நாட்டில், பேராவூரணிப் பக்கம். பெட்ரோலிலும் கேஸிலும் ஓடும் சின்ன ஜெனரேட்டர் ஒன்று ஊர் வீட்டுக்கு வாங்கலாம் என்று பார்க்கிறேன். எத்தனை வாட் வாங்குவது? இங்கேயும் ஒன்று வாங்கி வைக்கலாமா?"

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இங்கே வேண்டாம்.

துவாஸில் ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் கம்பெனி ஒன்றில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். திடலில் நிகழ்ச்சி என்றால் இயந்திரத்தை இறக்கி, கேபிள் இழுத்து, எல்லாம் முடிந்ததும் விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு வருவதுதான் தொழில். சோறு போடும் பொருளை நானே வேண்டாம் என்கிறேன் என்றால் காரணம் இருக்கிறது. அடுக்குமாடியில் அதை எங்கே வைப்பீர்கள்? தாழ்வாரத்தில் வைத்தால் புகை பக்கத்து வீட்டுக்குள் போகும். சமையலறைச் சன்னலோரம் வைத்தால் உங்கள் வீட்டுக்குள் வரும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலை வலிக்கிறதே என்று படுத்தவர் எழுந்திருக்காமலே போகலாம். கேஸில் ஓட்டினால் ஆபத்தில்லை என்று சொல்பவர்கள் உண்டு. கண் எரியாது, அவ்வளவுதான். அந்த வாயு கேஸில் ஓடினாலும் வரும்.

அதோடு இங்கே தேவைதான் எங்கே? 2018 செப்டம்பர் 18 நள்ளிரவு தாண்டி ஒன்றேகால் மணிக்கு மின்சாரம் போனது ஞாபகம் இருக்கும். சுமார் 1 லட்சத்து 47 ஆயிரம் வாடிக்கையாளர்கள் இருட்டில் இருந்தார்கள். அப்போது ஜூரோங்கில் இருந்தேன். விசிறி நின்று வியர்த்து எழுந்து, கைப்பேசி வெளிச்சத்தில் தண்ணீர் குடித்து, யார் யாருக்குப் போயிருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் விசாரித்து முடிப்பதற்குள் வந்துவிட்டது. மொத்தமாகச் சரியானது 38 நிமிடத்தில். அந்த 38 நிமிடத்துக்காகப் பெட்ரோல் கேனை வீட்டுக்குள் வைப்பதா? சார்ஜ் விசிறி ஒன்றும் நல்ல பவர் பேங்க் ஒன்றும் போதும். வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் வைத்திருக்கும் முதியவர் இருந்தால் மட்டும் ஒரு கிலோவாட் மணி அளவு பேட்டரிப் பெட்டியை யோசியுங்கள். 350 வாட் இழுக்கும் இயந்திரத்துக்கு அது இரண்டரை மணி நேரம் தாங்கும். தரைவீட்டுக்காரர்கள் கணக்கு வேறு, அவர்கள் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிட்டுப் பேசட்டும்.

ஊருக்கு வருவோம். அதே 2018, இரண்டே மாதம் கழித்து, நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தென்னை விழுந்தது, கம்பம் விழுந்தது. லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள். ஊரில் எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்பி வந்தது 27-ஆம் நாள். அதுவரை டிராக்டர் மேல் ஒரு வாடகை ஜெனரேட்டர் வீடு வீடாக வரும்; மோட்டாரைப் போட்டு மேல்தொட்டியை நிரப்பிவிட்டு மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு போகும். அம்மா வாசலில் நின்று அதை எதிர்பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. பத்து கிலோ ஜெனரேட்டர் முதல் பத்து டன் ஜெனரேட்டர் வரை ஊருக்கெல்லாம் கொண்டுபோய் இறக்குகிறவன் நான், என் வீட்டில் ஒன்று இல்லை.

அடுத்த பொங்கலுக்குப் போனபோது ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கி வைத்தேன். எட்டு மாதம் கழித்து ஒரு மழை நாளில் அப்பா கயிற்றை இழுத்தார், இழுத்தார், கிளம்பவே இல்லை. விடுப்பில் போனபோது, பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்பரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தேன். பழைய நல்லெண்ணெய் போலப் பழுப்பாக, பிசுபிசுவென்று ஒரு படலம். பெட்ரோல் போகும் ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஓட்டையே தெரியவில்லை. மெல்லிய கம்பி இழை ஒன்றை உள்ளே விட்டுக் குத்திக் குத்தித்தான் திறந்தது. பெட்ரோல் கெட்டுப்போகும் பொருள். அதிலும் இப்போது எத்தனால் கலந்து வருவது ஈரத்தை வேறு இழுக்கிறது. மூன்று நான்கு மாதம் சும்மா நின்ற தொட்டியை நம்ப முடியாது.

இரட்டை எரிபொருள் எனக்குப் பிடித்துப்போனது அப்போதுதான். விளம்பரத்தில் "எது மலிவோ அதில் ஓட்டலாம்" என்பார்கள், அது பெரிய விஷயமில்லை. கேஸ் கெட்டுப்போகாது, கார்பரேட்டரில் பிசினாக உறையாது. சிலிண்டர் இரண்டு வருடம் மூலையில் நின்றாலும் அன்று வந்தது போலவே இருக்கும். புயலன்று பெட்ரோல் பங்கில் மின்சாரம் இல்லாவிட்டால் பங்கும் ஓடாது என்பதையும் கஜா காட்டிவிட்டது. ஆகவே வாங்கினால் இரட்டை எரிபொருள், ஓட்டினால் கேஸ், பெட்ரோல் கையிருப்புக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலில் ஓட்டினால் நிறுத்தும்போது சுவிட்சை அணைக்காமல் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, அதுவாக அடங்கும்வரை ஓட விடுங்கள். கிண்ணம் காய்ந்துவிடும்.

வீட்டு இணைப்பில் வரும் 14.2 கிலோ சிலிண்டரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது, அது சமையலுக்கு மட்டும் என்பது சட்டம். வணிகச் சிலிண்டர் 19 கிலோவில் கிடைக்கும், அதை வாங்குங்கள். உங்கள் ஊர் சிலிண்டரின் வாய்க்குப் பொருந்தும் ரெகுலேட்டரையும் குழாயையும் கடைக்காரரிடமே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். சிலிண்டரை நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். படுக்கவைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் வந்துவிடும். ஒரு வேடிக்கை பாருங்கள், அரைமணி ஓடிய பிறகு சிலிண்டரின் வெளிப்பக்கம் குளிர்ந்து ஒரு மட்டம்வரை வியர்த்திருக்கும். உள்ளே திரவம் நிற்கும் மட்டம் அது. எடைபோடாமலே எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துவிடும். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு படுக்கும், அதனால் கிணற்றடிப் பள்ளத்தின் பக்கம் வேண்டாம்.

இப்போது வாட். ஒரு தாளில், மின்சாரம் போனால் உண்மையில் எது ஓட வேண்டும் என்று எழுதுங்கள். எங்கள் வீட்டுத் தாளில் ஃபிரிட்ஜ் 150, நான்கு விசிறி 300, விளக்குகள் 60, டிவி 80, வைஃபையும் கைப்பேசியும் 30. கூட்டினால் 620 வாட். அடடே, ஒரு கிலோவாட் போதுமே என்று தோன்றும். அப்புறம்தான் தண்ணீர் மோட்டார் ஞாபகம் வரும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஏறக்குறைய ஆயிரம் வாட்தான் கேட்கும், ஆனால் கிளம்பும் நொடியில் மூன்று நான்கு மடங்கு இழுக்கும். அந்த நொடிதான் ஜெனரேட்டரின் அளவை முடிவு செய்கிறது. பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருப்பது உச்ச வாட். பக்கவாட்டுத் தகட்டில் சின்ன எழுத்தில் இருப்பதுதான் தொடர்ந்து தரும் வாட், அதுவும் பெட்ரோலுக்கு. கேஸில் சுமார் பத்து சதவீதம் குறையும், 3 கிலோவாட் என்று இருந்தால் 2.7 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குதிரைத்திறன் மோட்டார் உள்ள சாதாரண வீட்டுக்குத் தொடர்ந்து 3 முதல் 3.5 கிலோவாட் தருவதை வாங்கலாம். மோட்டார் போடும்போது ஃபிரிட்ஜையும் மற்றதையும் நிறுத்திவிட்டு, தொட்டி நிரம்பிய பிறகு அவற்றைப் போடும் பழக்கம் வேண்டும். தோட்டத்தில் மூன்று ஃபேஸ் போர் மோட்டார் இருந்தால் இந்தச் சின்ன இயந்திரத்தால் அது ஓடாது. ஏசியையும் தாளிலிருந்து அடித்துவிடுங்கள். ஏசிக்காக ஐந்து கிலோவாட் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். எரிபொருள் தீரும் வேகத்தைப் பார்த்து, புயலன்று ஏசியைப் போட அவர்களுக்கே மனம் வருவதில்லை.

இராத்திரி முழுக்க ஜெனரேட்டர் ஓட வேண்டும் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். வேண்டியதில்லை. ஊரில் பெரும்பாலான வீட்டில் இன்வெர்ட்டரும் 150 ஆம்பியர் மணி பேட்டரியும் ஏற்கெனவே இருக்கும். பகலில் நான்கு மணி நேரம் ஜெனரேட்டரை ஓட்டி, தொட்டியை நிரப்பி, ஃபிரிட்ஜைக் குளிரவைத்து, அதே நேரத்தில் பேட்டரியையும் ஏற்றிவிடுங்கள். 15 ஆம்பியரில் நான்கு மணி நேரம் என்றால் 60 ஆம்பியர் மணி, அதாவது 12 வோல்ட்டில் 720 வாட் மணி. இழப்பு போக 600 கையில் நிற்கும். பழைய விசிறி 75 வாட், இரண்டை எட்டு மணி நேரம் ஓட்ட 1,200 வேண்டும், பற்றாது. மின்சாரம் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி விசிறி 30 முதல் 35 வாட், இரண்டுக்கு 560-க்குள் அடங்கிவிடும். அப்பா அம்மா படுக்கும் அறைக்கு மட்டுமாவது அதை மாற்றிவிடுங்கள். ஒரு கிலோவாட் சுமைக்கு மணிக்கு ஏறக்குறைய அரை கிலோ கேஸ் என்று வைத்தால் நாளைக்கு இரண்டு கிலோ, ஒரு 19 கிலோ சிலிண்டர் ஒன்பது நாள் வரும். இரண்டு சிலிண்டர் இருந்தால் பதினெட்டு நாள். சத்தத்தோடு யாரும் தூங்க வேண்டாம். ஆள் தூங்கும்போது இயந்திரம் ஓடாததால் புகைப் பயமும் பெருமளவு குறையும். சில இன்வெர்ட்டர்கள் ஜெனரேட்டர் மின்சாரத்தை ஏற்காமல் அடம்பிடிக்கும். பின்பக்கம் யுபிஎஸ், நார்மல் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் நார்மலுக்குத் தள்ளிப் பாருங்கள்.

இணையத்தில் நீங்கள் பார்க்கும் விமர்சன வீடியோக்களில் பெரும்பாலானவை அமெரிக்க மாடல்கள். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நமக்கு ஊரிலும் இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். என் நண்பர் ஒருவர் உறவினர் மூலம் கப்பலில் ஒன்றை வரவழைத்தார். இறக்கிப் பார்த்தால் ஊர் சாமான் எதையும் அதில் மாட்ட முடியவில்லை. இன்றும் அவர் வீட்டுக் கொட்டகையில் சாக்கு போர்த்தி நிற்கிறது. இங்கே வாங்கி விமானத்தில் கொண்டுபோகும் யோசனையையும் விடுங்கள். பேட்டரிப் பெட்டியாக இருந்தாலும் 160 வாட் மணிக்கு மேல் பயணிகள் கொண்டுபோக அனுமதி இல்லை. ஊரில், பழுது பார்க்க ஆள் உள்ள கடையில் வாங்குவதே மேல்.

வாங்கிய அன்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, வெளிக் கம்பி, ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடச் சொல்லுங்கள், எர்த்தும் சரியாக இருக்க வேண்டும். இருபக்கமும் பிளக் வைத்த ஒயரைச் சுவர் சாக்கெட்டில் சொருகி வீட்டுக்கு மின்சாரம் கொடுப்பதைப் பலர் கெட்டிக்காரத்தனமாக நினைக்கிறார்கள். மெயின் சுவிட்சை அணைக்க ஒருவர் மறந்தால், அந்த மின்சாரம் வெளிக் கம்பிக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மரில் பின்பக்கமாக ஏறிப் பல ஆயிரம் வோல்ட்டாகும். கம்பத்தின் மேல் நிற்கும் லைன்மேன் அதைப் பார்க்க முடியாது. கஜாவின்போது எங்கள் தெருவில் வேலை செய்தவர்கள் சேலத்திலிருந்து வந்தவர்கள், பத்து நாளாக வீட்டுக்குப் போகாதவர்கள்.

இயந்திரத்தை வீட்டிலிருந்து ஆறு மீட்டராவது தள்ளி, சன்னலுக்கு எதிரில் இல்லாமல், மழை படாத கூரைக்கடியில் நாலுபுறமும் திறந்த இடத்தில் வையுங்கள். புதிதாக வரும் இயந்திரத்தில் எஞ்சின் ஆயில் இருக்காது, ஊற்றாமல் இழுத்துவிடாதீர்கள். பட்டனில் கிளம்புவதாக வாங்குங்கள். வயதான அப்பாவால் கயிறு இழுக்க முடியாது. ஆனால் அந்தப் பட்டனுக்கான சின்ன பேட்டரியும் சும்மா கிடந்தால் செத்துவிடும்.

அதற்காகவே எங்கள் வீட்டில் மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து நிமிடம் ஓட்டுவார்கள். அப்பா வீடியோ அழைப்பில் கைப்பேசியை எஞ்சின் பக்கம் நீட்டிப் பிடிப்பார், நான் இங்கே தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டே கேட்பேன். போன மாதம் சத்தத்தில் ஒரு விக்கல் இருந்தது. ஏர் ஃபில்டரைக் கழற்றச் சொன்னேன். உள்ளே குளவி மண்ணால் கூடு கட்டியிருந்தது. "நல்ல வேளை, வெளியே போயிருக்கு" என்றார் அப்பா.