ஆப்பில் கேன்சல் செய்துவிட்டு மேனேஜரிடம் கட்டிய பணம்

கேள்வி: டெல்லி மயூர் விஹாரில் குடியிருக்கிறேன். அம்மாவை எய்ம்ஸில் காட்ட ஊரிலிருந்து அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி நான்கு பேரும் வந்தார்கள். வீட்டில் இடமில்லாததால் கரோல் பாகில் ஒரு பட்ஜெட் செயின் ஹோட்டலில் இரண்டு அறை, மூன்று இரவு, ஓர் அறைக்கு இரவுக்கு 1,400 ரூபாய் என்று ஆப்பில் புக் செய்தேன். பணம் ஹோட்டலில் கட்டலாம் என்று போட்டிருந்தது. அங்கே போனதும் மேனேஜர், “ஆப்பில் கேன்சல் பண்ணிவிடுங்கள், 1,200-க்கே தருகிறேன்” என்றார். செய்தேன். 7,200 ரூபாயை அவர் சொன்ன போன் நம்பருக்கு யுபிஐ-யில் அனுப்பினேன். படத்தில் பார்த்த அறைக்கும் கிடைத்த அறைக்கும் சம்பந்தமே இல்லை. ஜன்னல் கிடையாது, சுவரெல்லாம் ஈரம், விரிப்பில் கறை, வெந்நீர் அரை வாளிக்கு மேல் வரவில்லை. கேட்கப் போன அம்மாவை எடுத்தெறிந்து பேசினார்கள். இரவில் படிக்கட்டுக் கதவையும் பூட்டிவிட்டார்கள். கம்பெனியில் கேட்டால், “உங்கள் பெயரில் புக்கிங்கே இல்லை” என்கிறார்கள். கோபத்தில் மேனேஜரின் படத்தைப் போட்டு ‘திருடன்’ என்று ரிவ்யூ எழுதினேன். 2 லட்சம் தராவிட்டால் வீடியோவையும் போடுவேன் என்று அவருக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பினேன். இப்போது 15 நாளில் பதில் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. கொடுத்த காசுக்கு அது ஓர் அறையா சார்? கம்பெனி மீது வழக்குப் போடலாமா?

பதில்: ஈரச் சுவர், கறை, ஊழியரின் பேச்சு எல்லாவற்றையும் ஒதுக்கி வையுங்கள். உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் ஒரே இடத்தில்தான். ரிசப்ஷனில் நின்றுகொண்டு நீங்கள் ஆப்பில் கேன்சல் பட்டனை அழுத்தினீர்களே, அந்த இடத்தில்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பணம் கொடுத்தோ கொடுப்பதாக ஒப்புக்கொண்டோ ஒரு சேவையைப் பெறுகிறவரைத்தான் நுகர்வோர் என்கிறது. அறையில் தங்கியது உங்கள் பெற்றோர், பணம் கட்டியது நீங்கள் என்பது தடையில்லை. ஆனால் யாருக்குக் கட்டினீர்கள்? கம்பெனிக்கு ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. ஹோட்டலில் கட்டுவதாக ஒப்புக்கொண்ட புக்கிங்கையும் நீங்களே ரத்து செய்துவிட்டீர்கள். வாசலில் கம்பெனியின் போர்டு தொங்குகிறது, அதை நம்பித்தான் உள்ளே போனோம், அங்கே இருந்தவர் கம்பெனியின் ஆள் என்றுதான் நினைத்தோம் என்று வாதாடலாம். அதற்கு ஒப்பந்தச் சட்டத்தின் 237-ஆவது பிரிவு இருக்கிறது. ஆனால் அந்த வாதம் உங்களுக்குக் கைகொடுக்காது. கம்பெனியின் ஆள் என்றால் கம்பெனியின் புக்கிங்கை ஏன் ரத்து செய்யச் சொன்னார், நீங்கள் ஏன் செய்தீர்கள் என்பதுதான் முதல் குறுக்குக் கேள்வியாக வரும். கம்பெனிக்குத் தெரியாமல் நடக்கிற ஏற்பாடு இது என்று அந்த நிமிடமே உங்களுக்குத் தெரியும். ஆறு அறை-இரவுக்கு மிச்சம் பிடித்தது 1,200 ரூபாய். அதற்காகக் கையிலிருந்து போனது, கம்பெனி என்ற பணம் உள்ள எதிர்மனுதாரர்.

காசுக்குத் தகுமா என்ற கேள்விக்கு வருகிறேன். புகாரை விசாரிக்கிற நுகர்வோர் ஆணையம் அதை எடைபோடாது. என்ன தருவதாகச் சொன்னார்கள், என்ன தந்தார்கள் என்பதை மட்டும் பார்க்கும். ஜன்னல் உண்டு என்று எங்கும் போடாதபோது ஜன்னலில்லாத அறை சேவைக் குறைபாடு ஆகாது. 24 மணி நேரம் வெந்நீர் என்று போட்டுவிட்டு அரை வாளி கொடுத்தால் குறைபாடுதான். ஆப்பில் அறையைப் பற்றிப் போட்டிருந்த பக்கத்தை அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. எடுக்கவில்லை என்றால் இப்போது இருப்பதையாவது எடுத்து வையுங்கள். படங்களும் விளக்கமும் எப்போது வேண்டுமானாலும் மாற்றப்படலாம்.

இனி, நான் உண்மையாகவே பயப்படுகிற விஷயம். உங்கள் நிலைமையில் இருப்பவர்கள் செய்கிற அடுத்த காரியம், புகார் மனுவில் புக்கிங் எண்ணைப் போட்டு, “இந்த புக்கிங்கின்படி தங்கினோம்” என்று எழுதி, கேன்சல் செய்ததைச் சொல்லாமல் விடுவது. புகாரை நீங்களே ஆன்லைனில் தாக்கல் செய்யலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்குக் கட்டணமும் இல்லை, அதனால் வக்கீலைப் பார்க்காமலே பலர் இப்படிப் போட்டுவிடுகிறார்கள். கம்பெனியின் பதில் மனுவோடு அவர்களுடைய சர்வர் பதிவு வரும். எத்தனை மணிக்கு, எந்த போனிலிருந்து, என்ன காரணத்தைத் தேர்வு செய்து கேன்சல் செய்தீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். ‘பயணத் திட்டம் மாறிவிட்டது’ என்பதைத்தான் பெரும்பாலும் தொட்டிருப்பார்கள். அதற்கப்புறம் நீங்கள் வெந்நீரைப் பற்றிச் சொல்கிற நிஜத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள். நல்ல புகார்கள்கூட இந்த ஒரு மறைப்பால் தள்ளுபடியாகியிருக்கின்றன. புகாரோடு நீங்கள் கொடுப்பது பிரமாணப் பத்திரம். ஆணையத்தின் விசாரணையைச் சட்டம் நீதிமன்ற நடவடிக்கையாகவே கருதுகிறது. அதில் பொய் சொன்னால் வழக்கு தோற்பதோடு முடியாது.

சரி, கம்பெனியை விட்டுவிட்டு ஹோட்டல்காரர் மீது மட்டும் போடலாமே என்றால், போடலாம். அங்கே நீங்கள் நுகர்வோர்தான். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. பில் இல்லை, ரசீது இல்லை. யுபிஐ பதிவு ஒரு தனி மனிதருக்கு 7,200 ரூபாய் போனதைக் காட்டுமே தவிர, எதற்குப் போனது என்று சொல்லாது. “அவர் எங்களிடம் வேலையில் இல்லை, எங்கள் கணக்கில் பணம் வரவில்லை” என்பார்கள். உங்களுக்கு உதவக்கூடியது அவர்களுடைய வருகைப் பதிவேடு. நால்வரின் அடையாள அட்டையும் வாங்கிக் கையெழுத்தும் வாங்கியிருப்பார்கள். அதைக் கொண்டுவரச் சொல்ல ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. மேனேஜரோடு நடந்த வாட்ஸ்ஆப் பேச்சில் அறை எண்ணோ தேதியோ வந்திருந்தால் அதுவும் பலம்தான். அந்தப் பிரதிகளோடு, மின்னணுப் பதிவுகளுக்கான பாரதிய சாட்சிய அதினியம் (சாட்சியச் சட்டம்) 63-ஆவது பிரிவுச் சான்றிதழைச் சேர்த்துக் கொடுங்கள். ஆணையம் சாட்சியச் சட்டத்தைக் கறாராகப் பார்க்காது, ஆனால் எதிர்த்தரப்பு ஆட்சேபணை எழுப்ப இடம் கொடுக்க வேண்டாம்.

இவ்வளவும் செய்து ஜெயித்தாலும் வசூல் என்று ஒன்று இருக்கிறது. இந்த மாதிரி ஹோட்டல்களில் கட்டடம் ஒருவருடையது, குத்தகை இன்னொருவர் பெயரில், போர்டு மூன்றாமவருடையது. தீர்ப்பு வரும்போது போர்டும் குத்தகைக்காரரும் மாறியிருந்தால் அனுப்பிய சம்மன் திரும்பி வரும். உத்தரவை மதிக்காதவருக்குச் சிறைத் தண்டனை வரை சட்டத்தில் இருக்கிறது, ஆனால் ஆளைக் கண்டுபிடித்தால்தானே?

அதைவிட அவசரம், உங்கள் கையாலேயே எழுதிய இரண்டு விஷயங்கள். ‘வெந்நீர் வரவில்லை, விரிப்பு அழுக்கு’ என்று தேதி போட்டு எழுதிய ரிவ்யூ இருக்கட்டும். உண்மையை நல்லெண்ணத்தோடு பொதுநலனுக்காகச் சொல்வதற்கு அவதூறுச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. மேனேஜரின் படத்தையும் ‘திருடன்’ என்பதையும் இன்றே எடுத்துவிடுங்கள். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவில் அவதூறுக்கு இரண்டு ஆண்டு வரை தண்டனை உண்டு. பேசிய பணத்தை வாங்கி, பேசிய அறையைக் கொடுத்தவரைத் திருடன் என்று நிரூபிக்க உங்களிடம் எதுவும் இல்லை. 2 லட்சம் கேட்ட அந்த மெசேஜ் இன்னும் மோசம். இழப்பீடு கேட்பது உங்கள் உரிமை. ‘தராவிட்டால் வீடியோ போடுவேன்’ என்று சேர்த்ததும், மிரட்டிப் பணம் பறிக்கப் பார்த்தீர்கள் என்று அதே சட்டத்தின் 308-ஆவது பிரிவைக் காட்டிப் புகார் கொடுக்க வழி திறந்துவிட்டீர்கள். அந்தப் புகார் கடைசியில் நிற்காமல் போகலாம். அதுவரை காவல் நிலையத்துக்கு அலையப்போவது நீங்கள்தான், அதுவும் அம்மாவுக்கு வைத்தியம் நடக்கிற நேரத்தில்.

ஆகவே சமாதானமாகப் போங்கள், இதுதான் என் ஆலோசனை. நோட்டீஸுக்கு 15 நாள் கெடுவுக்குள் ஒரு வக்கீல் மூலமே பதில் போகட்டும். மேனேஜரோடு நேரில் பேச்சு வேண்டாம். பாதிப் பணம் திரும்பக் கேளுங்கள், இருதரப்பும் மேற்கொண்டு நடவடிக்கை எடுப்பதில்லை என்று ஒரே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். அடுத்த முறை தங்கக் கூப்பன் தருகிறோம் என்றால் வாங்காதீர்கள். மறுத்தால் ஹோட்டல்காரர் மீது மட்டும், கேன்சல் செய்ததை முதல் பத்தியிலேயே ஒப்புக்கொண்டு, நீங்கள் குடியிருக்கும் கிழக்கு டெல்லி மாவட்ட ஆணையத்திலேயே புகார் போடலாம். கெடு இரண்டு ஆண்டு. கேட்கிற இழப்பீடு ஆயிரங்களில் இருக்கட்டும்.

படிக்கட்டுக் கதவை மட்டும் நான் ஒதுக்கவில்லை. 2019 பிப்ரவரியில் இதே கரோல் பாகில் ஒரு ஹோட்டல் தீப்பிடித்து 17 பேர் இறந்தார்கள். கதவைப் பூட்டியிருந்த படம் உங்களிடம் இருந்தால், டெல்லி தீயணைப்புத் துறைக்கு ஹோட்டல் பெயர், தேதி, மாடி எண் போட்டுத் தனியாக ஒரு புகார் அனுப்புங்கள். அதைச் சமாதானப் பேச்சோடு சேர்க்காதீர்கள், பணம் வந்தால் திரும்பப் பெறுகிறேன் என்றும் சொல்லாதீர்கள். அப்புறம், நோட்டீஸ் விவகாரம் முடியும்வரை போனை மாற்ற வேண்டாம். வாட்ஸ்ஆப்பில் எதையும் அழிக்கவும் வேண்டாம், உங்களுக்கு எதிரான அந்த மெசேஜ் உட்பட.