தாத்தா பெட்டியில் கிரிக்கெட் அஞ்சலட்டை

கேள்வி: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய கிரிக்கெட் அஞ்சலட்டை ஒன்று கிடைத்தது. பையன் சேர்க்கிற கிரிக்கெட் வீரர் கார்டுகளைவிட இதில் என்ன விசேஷம்? பழசுதானா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: கார்டில் எண்ணும் தொகுப்பும் அச்சிலேயே இருக்கும், செட் நிறைந்தால் தேடலும் முடிந்தது. அஞ்சலட்டைக்குப் பெரும்பாலும் முழுப் பட்டியல் கிடையாது, அதுதான் ருசி. தபால் முத்திரையே தேதி சொல்லும். பின்பக்கம் செய்தியையும் முகவரியையும் பிரிக்கும் நடுக்கோடு இருந்தால், பிரிட்டன் அட்டை 1902-க்கு முந்தியதல்ல. பத்து மடங்கு லென்ஸில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சு. சீராக இருந்தால் புகைப்படம். (அச்சு என்றாலே போலியல்ல, அவசரப்படாதீர்கள்.) இருட்டில், கள்ளநோட்டு பார்க்கும் விளக்கை அடியுங்கள். தாள் நீலமாகப் பளிச்சிட்டால் பெரும்பாலும் 1950-க்குப் பிந்தியது. ஸ்டாம்பைப் பிய்த்தால் மதிப்பு போச்சு. பிவிசி ஆல்பம் வேண்டாம், நாளடைவில் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். பாலிப்ராப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த உறை போதும்.