வேனா, ரயிலா?

கேள்வி:

ஹட்டனில் இருக்கிறோம். மகனுக்கு 16 வயது, மகளுக்கு 13. கணவரின் ஊர் அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டம். மாமியார் இன்னும் லயத்து வரிசை வீட்டில்தான் இருக்கிறார். பிள்ளைகள் சின்ன வயதாக இருந்தபோதே தொடங்கிய பழக்கம்: ஒவ்வொரு டிசம்பர் விடுமுறைக்கும் நுவரெலியாவில் ஒரு நாள், கிரகரி வாவியில் படகு, ஹக்கல பூந்தோட்டம், சீத்தா எலிய கோயில், அப்புறம் மாமியார் வீட்டில் ஒரு வாரம். பொங்கலுக்கு மறுபடியும் போவோம். முன்பெல்லாம் ரயிலில் போனோம். இடம் பிடிப்பது கஷ்டமாகிவிட்டதால் மூன்று வருடமாக வேன் பேசுகிறோம்.

போன வருடமே மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தான். இந்த வருடம் வரவே மாட்டேன் என்கிறான். மகள் அவனுக்கும் மேல். "அப்பாயி வீட்டுக்கு மட்டும் கூப்பிடாதீங்க" என்று அழுகிறாள், காரணம் சொல்வதில்லை. மகன் ஒரே ஒரு தடவை "ரயில்லயா, வேன்லயா?" என்று கேட்டான். வேன் என்றேன். அறைக்குள் போய்விட்டான். கணவர் "விட்டுத் தொலை" என்கிறார். மாமியார் "நீ வளர்த்த வளர்ப்பு" என்கிறார். கட்டாயப்படுத்திக் கூட்டிப் போவதா, விட்டுவிடுவதா?

— ஒரு தாய், ஹட்டன்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது எல்லா வீட்டிலும் நடப்பதுதானே என்று நினைத்தேன். இரண்டாவது தடவைதான் அந்த வரி கண்ணில் பட்டது. "ரயில்லயா, வேன்லயா?" வரவே மாட்டேன் என்று முடிவெடுத்த பையன், எதில் போகிறோம் என்று ஏன் கேட்கிறான்?

வேனில் என்ன நடக்கும்? ஹட்டனில் கதவை இழுத்துச் சாத்தினால் நுவரெலியா வரைக்கும் எல்லோருடைய முழங்காலும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருக்கும். அப்பா போட்ட பாட்டு. வளைவுக்கு வளைவு யாராவது ஒருவருக்கு வாந்தி. "போனைக் கீழே வை, வெளியே பார்" என்று நீங்கள். எழுந்து நாலடி நடக்க இடமில்லை. ரயிலில் அப்படியில்லை. இரண்டு பெட்டி தள்ளிப் போய் நிற்கலாம். யாரோடு வந்தான் என்றே தெரியாத மாதிரி இருக்கலாம். பசித்தால் மட்டும் உங்களைத் தேடி வரலாம். உங்களோடுதான் வருகிறான், ஆனால் உங்கள் கண்ணுக்குக் கீழே உட்கார்ந்திருக்கவில்லை. பதினாறு வயதுக்கு அவ்வளவு இடைவெளி வேண்டும். என் ஊகம் சரியென்றால் உங்கள் மகன் பயணத்தை வெறுக்கவில்லை, அந்த வேனைத்தான் வெறுக்கிறான்.

அதோடு அந்தப் பாதையிலேயே ஒரு ருசி இருக்கிறது. ஹட்டனை விட்டதும் சிங்கமலைச் சுரங்கம், தலவாக்கலைக்குக் கிட்ட சென் கிளயர் நீர்வீழ்ச்சி, நானுஓயா, அம்பேவலை, பிறகு பட்டிப்பொல. ஏறக்குறைய 6,200 அடி உயரம், நாட்டிலேயே மேலே இருக்கிற ரயில் நிலையம் அது. பட்டிப்பொலவைத் தாண்டியதும் வரும் சுரங்கம் எங்கள் வீட்டில் ஒரு சூதாட்டம். இந்தப் பக்கம் மத்திய மாகாணம், அந்தப் பக்கம் ஊவா. நடுவில் நிற்கிற மலை மழைக்காற்றை மறித்துவிடும். மே, ஜூனில் தென்மேல் பருவக்காற்று வந்தால் இந்தப் பக்கம் கொட்டும், அந்தப் பக்கம் வெயிலடிக்கும். டிசம்பரில் வடகீழ்க் காற்று, கதை தலைகீழ். ஆனாலும் என்றைக்கு எப்படி என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இருட்டுக்குள் நுழையும்போது ஆளுக்கொரு பக்கம் பந்தயம் கட்டுவோம், தோற்றவர் எல்லோருக்கும் இஸ்ஸோ வடை, அதுதான் இறால் வடை, வாங்கித் தர வேண்டும். என் மகன் வேலைக்குப் போன பிறகும் அந்தப் பாதையில் போனால் சுரங்கம் தாண்டி ஒஹிய ஸ்டேஷன் வந்ததும் போன் எடுப்பான். "மழை" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வைத்துவிடுவான். சுகம் விசாரிப்பு ஒன்றும் கிடையாது.

ஆகவே இந்த வருடம் ரயில். டிக்கட் உங்கள் மகன் பொறுப்பு. முன்பதிவு 30 நாளுக்கு முன்னால் திறக்கும், டிசம்பரில் வெளிநாட்டுக்காரர்கள் நமக்கு முன்னால் எடுத்துவிடுவார்கள். அந்த நாளைக் கணக்குப் பார்த்து எழும்பி எடுக்க வேண்டியது அவன் வேலை. இவ்வளவுதான் பணம் என்று கையில் கொடுத்துவிட்டு நகர்ந்து விடுங்கள். கிடைக்காவிட்டால் மூன்றாம் வகுப்பில் நின்றுகொண்டு போகலாம், நானுஓயாவில் எப்படியும் கொஞ்சம் இடம் காலியாகும். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபடுவது நமக்குப் புதிதில்லை. அதனால் புறப்படுவதற்கு முதல் நாள் ஸ்டேஷனில் கேட்டுவிடுங்கள், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். பதுளை மாவட்டத்துக்கு எச்சரிக்கை இருந்தால் பயணம் தள்ளிப்போகட்டும், அதில் விவாதமே வேண்டாம். இன்னொன்று, மிதிபலகையில் தொங்கிக்கொண்டு படம் எடுப்பது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் பழைய அம்மாவாகவே இருங்கள்.

நுவரெலியா நாளைப் பற்றி என் அபிப்பிராயம் கொஞ்சம் கடுமையானது. அந்தப் படகு ஏழு வயதுக்கானது. கிரகரி வாவி 1873 இல் வெட்டியது, உங்கள் பிள்ளைகள் ஒரு வருடம் வராவிட்டால் வற்றிவிடாது. ஹக்கல தோட்டமும் அப்படித்தான். 1861 இல் மலேரியா மருந்துக்கான கொயினா மரம் வளர்க்கத் தொடங்கிய இடம் என்று நான் ஆர்வமாகச் சொன்னபோது என் பிள்ளைகள் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. சீத்தா எலிய கோயிலுக்கு நீங்களும் கணவரும் இன்னொரு நாள் போய் வாருங்கள்.

அதற்குப் பதிலாக உடம்பு வலிக்கிற மாதிரி ஏதாவது கொடுங்கள். இந்த வயதுக்கு அதுதான் பிடிக்கும். அப்புத்தளையில் இருந்தால் ஒஹிய பக்கத்து வாசல் வழியாக ஹோட்டன் சமவெளிக்கு ஏறலாம். சுற்றி வர 9 கிலோமீட்டருக்கு மேல் நடை. உலக முடிவு என்கிற செங்குத்துப் பள்ளத்தைக் காலை ஒன்பது மணிக்கு முன் பார்த்துவிட வேண்டும், பிறகு முகில் ஏறி வெறும் வெள்ளைத் திரைதான் மிஞ்சும். அதற்கு இருட்டோடு எழும்ப வேண்டும், அதுவே அவர்களுக்கு ஒரு கெத்து. சாப்பாட்டைப் பொலித்தீனில் சுற்றாதீர்கள், வாசலிலேயே பிரித்து வாங்கிவிடுவார்கள். ஜனவரி பிற்பகுதியில் வானம் வெளித்துக் காற்றில்லாத இரவு வந்தால் விடியற்காலையில் புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். நம் ஆட்களுக்கு அது கொழுந்து கருகுமே என்ற கவலை. பிள்ளைகளுக்கு அது நண்பர்களிடம் காட்ட ஒரு படம். இரண்டும் நியாயம்தான். குல்லா போடு, கம்பளிச் சட்டை போடு என்று பின்னால் திரியாதீர்கள். பையில் வைத்திருங்கள், பட்டிப்பொல குளிரில் தானாகக் கேட்பார்கள்.

சிவனொளிபாதமலை உங்களுக்கு வீட்டு வாசல் மாதிரி. டிசம்பர் போயாவோடு, அதாவது பௌர்ணமியோடு, பருவகாலம் தொடங்கிவிடும், வெசாக் வரை இருக்கிறது. இதில் நான் பட்ட அவமானம் ஒன்றைச் சொல்கிறேன். என் மகனுக்குப் பதினைந்து வயதானபோது கட்டாயப்படுத்தி மலை அடிவாரத்து நல்லதண்ணிக்குக் கூட்டிப் போனேன். அந்தப் பக்கம் ஏறக்குறைய 5,500 படி. பாதி வழியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தவன் எழும்பவேயில்லை. நான் கெஞ்சினேன், திட்டினேன், கடைக்கார அம்மாவும் சேர்ந்து கெஞ்சினார். அவனை அங்கேயே விட்டுவிட்டு நான் மட்டும் ஏறி, சூரியனை அரைகுறையாகப் பார்த்துவிட்டு இறங்கினேன். அடுத்த வருடம் கூட்டாளிகள் மூன்று பேரோடு ராத்திரி இரண்டு மணிக்குப் புறப்பட்டு, தானே உச்சிக்குப் போய் வந்தான். எத்தனை தடவை ஏறினோமோ அத்தனை தடவை மேலே மணி அடிக்க வேண்டும் இல்லையா? எத்தனை அடித்தாய் என்று கேட்டேன். "ஒன்று. உங்களோட வந்தது கணக்கில்லை" என்றான்.

கோபம் வந்தது. ஆனால் கணக்குச் சரிதான். உங்கள் மகனும் ஒரு கூட்டாளியைக் கூட்டி வரட்டும், மலைக்கும் சரி, அப்புத்தளைக்கும் சரி. சாப்பாட்டுச் செலவு கொஞ்சம் கூடும். முகம் தூக்குவது பாதியாகக் குறையும். மலைக்கு வார நாளாகப் பார்த்துப் போகச் சொல்லுங்கள், போயாவிலும் சனி ஞாயிறிலும் படியில் நிற்கவே இடமிருக்காது.

இனி மகள். எனக்கு உண்மையில் கவலை அவளைப் பற்றித்தான்.

பையன் எதுவும் வேண்டாம் என்கிறான். அவள் ஒரு இடத்தை மட்டும் வேண்டாம் என்கிறாள், அதுவும் அழுதுகொண்டு. பதின்மூன்று வயது. பெரிய பிள்ளையாகி ஒன்றோ இரண்டோ வருடம் ஆகியிருக்கலாம். லயத்துக் காம்பரா எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி, அதில் சித்தப்பா, மச்சான்மார், எல்லோரும். அவள் எங்கே உடுப்பு மாற்றுவாள்? கக்கூசு வெளியே, ராத்திரியில் டோர்ச் பிடித்துக்கொண்டு யாரையாவது துணைக்கு எழுப்ப வேண்டும். வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்தால் போகிற வருகிற அத்தைமார் எல்லாம் "பிள்ள நல்லா வளர்ந்துட்டாளே, மாப்பிள்ளை பார்க்கலாமா?" என்பார்கள். அவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். அவளுக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருக்கும். அந்த ஒரு வாரத்துக்குள் மாதவிலக்கு வந்துவிட்டால்? அப்பாயி தீட்டென்று தனியாக உட்கார வைத்தால் லயம் முழுக்கத் தெரிந்துவிடும். போன டிசம்பரில் அப்படி ஏதும் நடந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. நடந்திருக்கும் என்று நான் சொல்லவும் இல்லை. ஆனால் கேட்க வேண்டும்.

எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, பக்கத்தில் படுத்துக்கொண்டு, உங்கள் சொந்தக் கதையிலிருந்து தொடங்குங்கள். கல்யாணமான புதிதில் அந்தக் காம்பராவில் நீங்கள் உடுப்பு மாற்ற என்ன பாடு பட்டீர்கள் என்று சொல்லுங்கள். அவள் பேசுவாள். பேசாவிட்டால் இன்னொரு ராத்திரி. அவள் சொல்வது உடுப்பு மாற்றுகிற சங்கடத்தைத் தாண்டியதாக இருந்தால், அதாவது யாரோ ஒருவர் கையோ பேச்சோ சரியில்லை என்றால், அப்புத்தளைப் பயணம் அந்த நிமிடமே ரத்து. மாமியார் என்ன சொல்வார் என்று ஒரு கணமும் யோசிக்காதீர்கள்.

வெறும் சங்கடம்தான் என்றால் வழி இருக்கிறது. ஒரு வாரம் வேண்டாம், இரண்டு இரவு போதும். தேதியை அவள் பார்த்துச் சொல்லட்டும். காம்பராவில் ஒரு மூலைக்குக் கயிறு கட்டிச் சேலையால் திரை போடுங்கள், உங்கள் மாமியாரே அந்தக் காலத்தில் போட்டிருப்பார். தீட்டு விஷயத்தை மாமியாரிடம் கணவர் பேசட்டும். "விட்டுத் தொலை" என்று சொல்கிற மனுஷனுக்கும் ஒரு வேலை வேண்டாமா? அவருடைய அம்மா, அவரே பேசுவதுதான் முறை.

மாமியாரோடு மகளுக்கு நேரம் வேண்டும் என்றால் காம்பராவுக்கு வெளியே கொடுங்கள். தம்பேதன்ன தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் இருக்கை என்கிற மலை உச்சிக்கு 7 கிலோமீட்டர் ஏற்றம். மேலே வரை அவரால் ஏற முடியாது, முச்சக்கர வண்டியில் போய்விட்டு மெதுவாக இறங்கி நடக்கலாம். வழி நெடுகத் தேயிலைதான். எந்த மலைக்கு எத்தனையாம் நம்பர், எந்தச் சரிவில் அட்டை அதிகம், எங்கே கொழுந்துக்கூடையோடு வழுக்கி விழுந்தார் என்று அவர் சொல்லிக்கொண்டு வருவார். பேத்தியின் கல்யாணப் பேச்சை எடுக்க அவருக்கு நேரமே இருக்காது.

கடைசியாக, பொங்கல். டிசம்பரில் இவ்வளவும் விட்டுக் கொடுக்கிற நீங்கள் பொங்கலில் விட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. அன்றைக்கு எல்லோரும் அப்பாயி வாசலில் இருக்க வேண்டும், காலையில் போய் மாலையில் திரும்பினாலும் சரி. இதை இப்போதே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். அடுப்பு மூட்டுவது மகன். மார்கழி முடிகிற பனியில் ஈர விறகைப் பற்றவைப்பது லேசான வேலையில்லை, ஊதி ஊதிக் கண்ணெல்லாம் சிவந்து நிற்பான், போனைத் தேட மாட்டான். ரயிலில் கூட்டி வந்த அந்தக் கூட்டாளியையும் அன்றைக்குக் கூப்பிடுங்கள்.

வேன்காரருக்கு முற்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே பேசித் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். டிசம்பரில் அவருக்கு வேறு ஓட்டம் கிடைக்காமல் போகாது.