மாத்திரையை நிறுத்திவிட்டு வயிற்றை மட்டும் கவனித்தால் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 43. ஓராண்டாக வயிற்று உப்புசமும் மலச்சிக்கலும் இருக்கின்றன. நான்கு மாதமாக எதிலும் மனம் ஒட்டவில்லை. காலையில் இட்லித் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, எதற்கு எடுத்தோம் என்றே தெரியாமல் அடுப்படியில் நின்றுவிடுகிறேன். மருத்துவர் மனச்சோர்வு என்று சொல்லி, செரட்டோனின் வகை மாத்திரை ஒன்றை எழுதித் தந்தார். குமட்டல் தாங்காமல் ஒன்பதாம் நாள் நிறுத்திவிட்டேன். ‘குடல் கெட்டதால்தான் மனம் கெட்டது, ப்ரோபயாட்டிக் (குடலுக்கு நன்மை தருவதாகச் சொல்லப்படும் உயிருள்ள பாக்டீரியா) சாப்பிட்டால் போதும்’ என்கிறார் நாத்தனார். அது சரியா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: சகோதரி, உங்கள் நாத்தனார் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் மாத்திரையைக் கைவிடும் அளவுக்கு அந்த உண்மை போதாது.

அச்சம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்று நாம் சொல்வது வெறும் பேச்சு வழக்கு அல்ல. மூளையையும் வயிற்றையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் ஏறத்தாழ 80 சதவீதம், உள்ளுறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுசெல்பவை. நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளே செரட்டோனின்; உடலிலுள்ள செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் உருவாகிறது. ஆயினும் அந்தச் செரட்டோனின், இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பைத் தாண்டி மூளைக்குள் போவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. ப்ரோபயாட்டிக் விளம்பரங்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது இதைத்தான்.

உங்கள் குமட்டலுக்கும் விளக்கம் இதிலேயே இருக்கிறது. செரட்டோனின் வகை மாத்திரை மூளையில் மட்டுமன்றிக் குடலிலும் வேலை செய்வதால், தொடக்கத்தில் வயிறு புரட்டுகிறது; பெரும்பாலோருக்கு ஓரிரு வாரங்களில் அது தணிந்துவிடும். மனம் தெளியவோ சில வாரங்கள் பிடிக்கும். ஆகவே, தொல்லை குறைந்து பலன் தொடங்குவதற்கு முன்பே நீங்கள் நிறுத்திவிட்டீர்கள் என்பதே என் வருத்தம்.

ப்ரோபயாட்டிக் பற்றி ஆராய்ச்சிகள் சொல்வதையும் பார்ப்போம். அயர்லாந்தின் கார்க் நகர ஆய்வாளர்கள் 2011இல், ஒருவகை லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாவை உண்ட எலிகளிடம் பதற்றம் குறைந்ததையும், வேகஸ் நரம்பைத் துண்டித்தபின் அந்தப் பலன் மறைந்ததையும் கண்டனர். அதே பாக்டீரியாவைப் பின்னர் ஆரோக்கியமான ஆண்களுக்குக் கொடுத்தபோது குறிப்பிடத்தக்க பலன் எதுவும் தெரியவில்லை. பெல்ஜியத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், மனச்சோர்வு உள்ளவர்களின் குடலில் சிலவகை பாக்டீரியாக்கள் குறைந்திருந்தன. அக்குறைவு நோயின் காரணமா விளைவா என்பதை அந்த ஆய்வைக் கொண்டு சொல்ல முடியாது. பசியற்று ரசம் சோற்றோடு நாளைக் கழிப்பவரின் குடலும் மாறத்தானே செய்யும்!

உணவைப் பொறுத்தவரை எனக்குக் கூடுதல் நம்பிக்கை உண்டு. ஆஸ்திரேலியாவில் 67 பேரிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், காய்கறி, பயறு, முழுதானியம், மீன், கொட்டைகள் நிறைந்த உணவை 12 வாரம் உண்டவர்களில் 32 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு நீங்கியது. பேச்சுத்துணை மட்டும் பெற்றவர்களில் அது 8 சதவீதம். சிறிய ஆய்வுதான். அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே சிகிச்சையிலும் இருந்தவர்கள். உணவு அதனுடன் சேர்ந்தது, அதற்கு மாற்றாக வரவில்லை. சுண்டல், கீரை, கம்பு, மோர் ஆகியவற்றை நீங்கள் தாராளமாகச் சேர்க்கலாம்; உப்புசம் இருப்பதால் பயறைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

இந்த வாரமே அதே மருத்துவரிடம் சென்று, நிறுத்தியதை ஒளிக்காமல் சொல்லுங்கள். அளவைக் குறைத்துத் தொடங்கவோ வேறு மாத்திரைக்கு மாறவோ வழியுண்டு. தைராய்டு, இரத்தச்சோகைப் பரிசோதனைகளையும் கேளுங்கள். மலத்தில் இரத்தம் கண்டாலோ, எடை காரணமின்றிக் குறைந்தாலோ குடல்நோய் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எந்நேரம் எழுந்தாலும், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணை அழையுங்கள்; தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.